அம்மா பாப்பாவைச் சாப்பிட்டுவிட்டாளா?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன். வயது முப்பத்தொன்று, பிகேசியில் (பாந்த்ரா-குர்லா அலுவலகப் பகுதி) ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை. மகளுக்கு இரண்டே முக்கால் வயது. இப்போது இரண்டாவது, 31 வாரம், செப்டம்பர் நடுவில் தேதி சொல்லியிருக்கிறார்கள். மாமியார் கூடவே இருக்கிறார், அம்மா வீடு திருநெல்வேலி.

வீட்டில் தினமும் சிரிப்புதான் என்று தொடங்குகிறது கடிதம். மகள் லிஃப்டில் ஏறியதும் வாட்ச்மேனிடம், "அங்கிள், அம்மா நே பாப்பா கோ கா லியா" (அம்மா பாப்பாவைச் சாப்பிட்டுவிட்டாள்) என்று இந்தியில் அறிவிக்கிறாள். காலையில் தன் தட்டிலிருந்து இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்து, அம்மாவின் தொப்புளில் வைத்து அழுத்தி "பாப்பா, ஆ காட்டு" என்கிறாள். வீட்டுக்கு வந்த கணவரின் மேலதிகாரியிடம் "அப்பா வயித்துல ரெண்டு பாப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். எதிர்க் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள், நாளெல்லாம் ஜன்னலில் அதையே பார்ப்பதால் தம்பியோ தங்கையோ யார் வந்தாலும் பெயர் ஜேசிபி என்று முடிவாகிவிட்டது. போன மாதம் ஒரு சிக்கூ (சப்போட்டா) கொட்டையை முழுங்கிவிட்டு ராத்திரி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள், அடுத்த இரண்டு நாள் "கொட்டை இல்லாத சாதம்தான் வேணும்" என்று தயிர் சாதத்தைத் தவிர எதையும் தொடவில்லை. கணவர் 'அம்மா பாப்பாவ சாப்பிட்டா' என்பதை வீடியோ எடுத்து ரீல் போட்டார், நிறைய பேர் பார்த்திருக்கிறார்கள், இப்போது வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக் காட்டச் சொல்கிறார்கள்.

இதற்கு நடுவே, நின்றுபோயிருந்த படுக்கையில் ஒன்றுக்குப் போகும் பழக்கம் திரும்பிவிட்டது. தூக்கத்தில் அவள் வயிற்றில் உதைத்ததில் ஒரு ராத்திரி பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார் (ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்). மாமியார் மகளைத் தூக்கவே கூடாது என்கிறார். ஆகஸ்டில் அம்மா வந்து மகளைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போய், தீபாவளி கழித்துக் கொண்டுவந்து விடலாம் என்று ஒரு யோசனை. "சின்னப் பிள்ளைதானே, விவரம் தெரியாது, அங்கே ஆடு கோழி எல்லாம் இருக்கு, என்னை மறந்து சந்தோஷமாக இருப்பாள். அனுப்பலாமா டாக்டர்? அலுவலகத்தில் இரண்டாவது குழந்தைக்கு 12 வாரம்தான் லீவு என்கிறார்கள், அதற்குள் இரண்டையும் எப்படிச் சமாளிப்பது?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகளிடம் கோளாறு எதுவும் இல்லை. கடிதத்தைப் படித்துவிட்டு நானும் சிரித்தேன், முக்கியமாக அந்த இரட்டைக் குழந்தை அப்பாவுக்கு. ஆனால் நீங்கள் வேடிக்கை என்று எழுதிய வரிசையில் ஒன்று வேடிக்கை இல்லை, அது சிக்கூ கொட்டை.

கொஞ்சம் அவள் பக்கம் நின்று பாருங்கள். அம்மா வயிற்றில் பாப்பா இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். வயிற்றுக்குள் ஒன்று போக வேண்டுமானால் அவளுக்குத் தெரிந்த ஒரே வழி வாய். அப்படியானால் அம்மா அதைச் சாப்பிட்டிருக்க வேண்டும். இன்னொரு பக்கம், கொட்டையை முழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்கும் என்று நம் வீடுகளில் பாட்டிமார் காலகாலமாகச் சொல்லி வருகிறார்கள், உங்கள் வீட்டிலும் யாரோ சொல்லியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். இரண்டையும் கூட்டினால் என்ன வருகிறது? கொட்டையை முழுங்கினேன், எனக்குள் ஏதோ முளைக்கப்போகிறது, அம்மா மாதிரி என் வயிறும் பெரிதாகப்போகிறது. அந்த ராத்திரி அவள் நிஜமாகவே பயந்துபோய்ப் படுத்திருக்கிறாள். வாட்ச்மேனிடம் சொன்னதும் அதே கணக்குதான், கேட்டவர்கள் சிரித்ததால் அது நகைச்சுவை ஆகிவிட்டது. இந்த வயதுக் குழந்தைகள் பலரும் இதே முடிவுக்குத்தான் வருகிறார்கள், உங்கள் மகள் அதை ஊருக்கே சத்தமாகச் சொல்கிறாள், அவ்வளவுதான். அவளுக்கு வேண்டியது பதில். அது கிடைக்காதவரை அதே கேள்வியை வேறு வேறு உருவத்தில் கேட்டுக்கொண்டேதான் இருப்பாள்.

பதில் சின்னதாக இருக்கட்டும். "சாப்பாடு போற இடம் வேற. பாப்பா இருக்கறது அம்மாவுக்குள்ள ஒரு தனிப் பை. அம்மா பாப்பாவ சாப்பிடல. நீ முழுங்குன கொட்டை கக்காவோட வெளியே போயிடுச்சு. சின்னப் பிள்ளைங்க வயித்துல பாப்பா வராது." இவ்வளவு போதும். இதைக் கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு விளையாடப் போய்விடுவாள், அப்புறம் சாயங்காலம் திரும்ப வந்து அதையே கேட்பாள், நீங்களும் அதையே சொல்ல வேண்டியதுதான். எப்படி வெளியே வரும் என்று கேட்டால் (கேட்பாள், அதுவும் லிஃப்டில் நாலு பேர் நிற்கும்போது கேட்பாள்), "வெளிய வர்றதுக்கு அம்மா உடம்புல ஒரு வழி இருக்கு, டாக்டர் பார்த்துப்பாங்க" என்றால் சரி. சாமி கொடுத்தது, ஆஸ்பத்திரியில் வாங்கினோம் என்றெல்லாம் சொன்னால் வேறொரு கடையில் மாற்றி வாங்கலாமே என்ற அடுத்த யோசனைக்கு நீங்களே வழி வைத்த மாதிரி ஆகும். அப்பா வயிற்றில் இருப்பது பாப்பா இல்லை, தொப்பை என்ற உண்மையையும் சொல்லிவிடுங்கள், அப்பாவுக்கும் தெரிந்தால் நல்லது.

இன்னொன்று, மருத்துவராகச் சொல்கிறேன்: சிக்கூ கொட்டை வயிற்றுக்குள் போனதில் பிரச்சினை இல்லை, மூச்சுக்குழாயில் போயிருந்தால்தான் பிரச்சினை. ஐந்து வயது வரை கொட்டையை எடுத்துவிட்டுத்தான் பழம் தர வேண்டும். முழு வேர்க்கடலைக்கும் இதே விதி.

கணபதி போனதும் பாப்பா

உங்கள் கடிதத்தின் பின்குறிப்பில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். எப்போது வரும் என்று அவள் நச்சரித்ததால் "கணபதி வந்துட்டுப் போனதும் பாப்பா வரும்" என்று சொல்லிவிட்டீர்கள், அன்றிலிருந்து 'கணபதி பப்பா மோர்யா' என்று எங்கே கேட்டாலும் அது தன் பாப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் கைதட்டுகிறாள் என்று. இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் யோசித்தேன். பண்டிகையோடு சேர்த்துக் காலத்தைச் சொன்னது நல்ல முறைதான், இரண்டு மாதம் எட்டு வாரம் என்றால் அவளுக்கு ஒன்றும் புரியாது. ஆனால் உங்கள் தேதி என்பது ஒரு கணிப்பு. 37 வாரம் தாண்டினால் எப்போது வேண்டுமானாலும் வரலாம், சொன்ன தேதியிலேயே பிறக்கிற குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். கணபதி வருவதற்கு முன்பே பாப்பா வந்துவிட்டால் சந்தோஷம். கணபதியைக் கரைத்துவிட்டு வந்து வீட்டில் பாப்பா இல்லையென்றால், அவள் கடலைப் பார்த்து அழுவாள். "கணபதி சமயத்துல வரும், முன்னாடியும் வரலாம், பின்னாடியும் வரலாம், பாப்பாதான் முடிவு பண்ணும்" என்று இப்போதே கொஞ்சம் இளக்கிவிடுங்கள்.

பெரியவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஒன்றரை நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள், கடைசியாக அனந்த சதுர்தசி, சிலையைக் கரைக்கும் இந்த விசர்ஜன் நாள்களில் சாயங்காலத்துக்கு மேல் மும்பையில் எந்தச் சாலை திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் ஆஸ்பத்திரிக்கு இரண்டு வழி பார்த்து வையுங்கள், ஆம்புலன்ஸுக்கு 108 என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

தவிடு, தம்பி, ரீல்

வீடியோ காலில் உங்கள் அண்ணன், "உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்குனோம், பாப்பா வந்ததும் தவிட்டுக்காரன்கிட்டயே திருப்பிக் கொடுத்துடுவோம்" என்று சீண்டுகிறார், அவளும் சிரிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதே பத்தியில், அவள் அடுத்த நாள் தவிடுன்னா என்ன, கடையில் கிடைக்குமா என்று கேட்டதாகவும் இருக்கிறது. அதாவது, தன் விலை என்ன என்று விசாரித்திருக்கிறாள். தவிட்டுக்கு வாங்கின கதையைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை கிடையாது, நமக்கெல்லாம் ஒன்றும் ஆகிவிடவில்லை என்று உங்கள் அண்ணன் சொல்வார், எனக்குத் தெரியும். வீட்டில் நிஜமாகவே ஒரு புதுக் குழந்தை வரப்போகிற நேரத்தில், படுக்கை நனைய ஆரம்பித்திருக்கிற நேரத்தில், இந்தக் கிண்டல் வேண்டாம். "இனிமே அம்மா மடி உனக்கு இல்ல", "பாப்பா வந்தா உனக்கு யாரு இருக்கா" வகையறாவும் அப்படித்தான். பெரியவர்களிடம் பிள்ளை முன்னால் சண்டை போட வேண்டியதில்லை. அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, "மாமா சும்மா சொல்றாரு. உன்னை யாருக்கும் கொடுக்க மாட்டோம்" என்று போனில் மாமா காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னால் போதும்.

அடுத்தது, உங்கள் அத்தை (மாமியார்தான்) தினமும் "உள்ள தம்பியா தங்கச்சியா?" என்று கேட்பதும், தம்பி என்றால் சாக்லேட் கிடைப்பதும். குழந்தை வாக்கு பலிக்கும் என்கிறாராம். அவள் வாக்குச் சொல்லவில்லை, சாக்லேட் வாங்குகிறாள். எந்தப் பதிலுக்கு என்ன கிடைக்கும் என்று இந்த வயதில் நன்றாகவே தெரியும். ஆணா பெண்ணா என்பது கரு உண்டாகும்போதே அப்பாவின் விந்தணுவால் முடிவாகிவிடுகிற விஷயம், இப்போது யார் என்ன சொன்னாலும் மாறாது. ஸ்கேன் செய்கிறவரிடம் தனியாகக் கேட்டுப் பார்க்கலாமா என்று அத்தை சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். 1988-லேயே இதற்குத் தனிச் சட்டம் போட்ட மாநிலம் மகாராஷ்டிரம், 1994-ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. சொல்கிறவருக்கு மட்டும் இல்லை, கேட்டுப் போகிறவருக்கும் மூன்று வருடம் வரை சிறையும் ஐம்பதாயிரம் வரை அபராதமும் உண்டு. இதை அத்தையிடம் உங்கள் கணவர் சொல்லட்டும், நீங்கள் சொன்னால் வேறு மாதிரி ஆகும். பெண்ணாகப் பிறந்த ஒருத்தி சாக்லேட்டுக்காக தினமும் தம்பி தம்பி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது ஒன்றே அந்த விளையாட்டை நிறுத்தப் போதுமான காரணம், எனக்கு.

ரீல் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தாத்தா ஆச்சி பார்த்துச் சிரிப்பது வேறு. ஊர் பேர் தெரியாதவர்கள் பார்க்கிற இடத்தில், உங்கள் மகளின் முகம், குரல், கட்டட வாசல், எல்லாம் கிடக்க வேண்டிய அவசியம் இல்லை, அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமானது, திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதால் தப்பான ஒன்றை அவள் மனதில் நாமே உறுதிப்படுத்துகிறோம். அம்மா பாப்பாவைச் சாப்பிடவில்லை என்று நீங்கள் ஒரு பக்கம் சொல்ல, சாப்பிட்டாள் என்று சொன்னால் கைதட்டு கிடைக்கும் என்று அப்பா இன்னொரு பக்கம் சொன்னால் அவள் எதை நம்புவாள்?

இட்லி விஷயம்

தொப்புளில் இட்லி வைப்பதால் ஒன்றும் ஆகாது, சட்னியைத் துடைத்துக்கொள்ளுங்கள். "பாப்பாவுக்கு அம்மா சாப்பிடறதுலேர்ந்துதான் சாப்பாடு போகும், எனக்கு ஊட்டு" என்று வாயைக் காட்டினால் அவளுக்கும் ஒரு வேலை கிடைத்த மாதிரி இருக்கும். அவள் பேசுவதைப் பாப்பா கேட்கவும் கேட்கும், இந்த வாரங்களில் வயிற்றிலிருக்கும் குழந்தைக்குக் காது கேட்கிறது. ராத்திரி வயிற்றுப் பக்கம் வாய் வைத்து ஜேசிபி கதை சொல்லட்டும்.

ஊட்டுவது சரி, ஆனால் அவள் கடித்து வைத்த மிச்ச இட்லியை, அவள் வாயில் வைத்த ஸ்பூனோடு நீங்கள் சாப்பிடாதீர்கள். எச்சில் தட்டைக் காலி செய்வது நம் அம்மாக்களுக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் சின்னக் குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் சிஎம்வி என்ற வைரஸ் இருக்கக்கூடும், குழந்தைக்கு ஒன்றும் செய்யாது, கர்ப்பிணிக்கு முதல்முறையாகத் தொற்றினால் வயிற்றில் இருப்பதன் காதையும் மூளையையும் பாதிக்கலாம். ஈரத் துணி மாற்றியதும், மூக்கு துடைத்துவிட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பயப்பட வேண்டாம், முத்தம் கொடுக்கலாம், உதட்டில் வேண்டாம், உச்சியில் கொடுங்கள்.

நான் நிஜமாகக் கவலைப்படுவது பிறந்த பிறகு வரப்போகும் இட்லியைப் பற்றி. இப்போது தொப்புளில் வைக்கிற அதே அன்போடு, தொட்டிலில் கிடக்கும் பத்து நாள் குழந்தையின் வாயில் பிஸ்கட்டையோ கடலையையோ வைப்பாள். பொறாமையால் கிள்ளுவதைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள், பாசத்தில் ஊட்டுவதைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் இரண்டு பேரையும் தனியாக ஒரே அறையில் ஒரு நிமிடம்கூட விடக்கூடாது, குளிக்கப் போனாலும் சரி, பால் பொங்குகிறது என்று எழுந்தாலும் சரி. "பாப்பாவுக்குப் பல் வர்ற வரைக்கும் அம்மா பால் மட்டும்தான்" என்று இப்போதிருந்தே சொல்லி வையுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர தண்ணீர்கூட வேண்டாம் என்பதைப் பெரியவர்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும். சேனை வைக்கிறேன் என்று சீனித்தண்ணீரோ தேனோ கொண்டுவரும் கையையும் இதே அன்போடு தடுக்க வேண்டியிருக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

இதோடு தடுப்பூசியையும் பார்த்துவிடுங்கள். 27 முதல் 36 வாரத்துக்குள் உங்களுக்கு டிடாப் ஊசி, கூடவே ஃப்ளூ ஊசி, போட்டாயிற்றா என்று உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள், பிறக்கிற குழந்தையைக் கக்குவான் இருமலிலிருந்து காப்பது டிடாப்தான். ப்ளேஸ்கூலிலிருந்து சளியைத் தூக்கிக்கொண்டு வரும் உங்கள் மகளுக்கு விட்டுப்போன ஊசி ஏதாவது இருந்தால் இப்போதே போடலாம், நீங்கள் கர்ப்பமாக இருப்பது அதற்குத் தடை இல்லை.

தூக்கலாமா, உதைத்தால் என்ன ஆகும்

உங்கள் கர்ப்பத்தில் சிக்கல் இல்லையென்றால், மகளைத் தூக்கவே கூடாது என்று ஒரு விதி கிடையாது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, ரத்தக்கசிவு இருந்தது, குறைப்பிரசவ அபாயம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் கண்டிப்பாகக் கூடாது. மற்றபடி முதுகுக்காகத்தான் கவனம்: குனிந்து தூக்காமல் முட்டியை மடக்கி, உடம்போடு ஒட்டித் தூக்குங்கள், மாடிப்படியில் வேண்டாம். அதைவிட நல்லது, நீங்கள் சோபாவில் உட்கார்ந்துகொண்டு அவளை ஏறி வரச் சொல்வது. "பாப்பா இருக்கறதால தூக்க மாட்டேன்" என்று மட்டும் காரணம் சொல்லாதீர்கள், பழி இன்னும் பிறக்காத பிள்ளை மேல் விழும். முதுகு வலிக்குது என்றால் போதும், அது பொய்யும் இல்லை.

தூக்கத்தில் விழும் உதையைக் கருப்பையின் தசைச் சுவரும் பனிக்குட நீரும் தாங்கிவிடும். கட்டில் மேலிருந்து வயிற்றில் குதித்தது போன்ற பலமான அடி என்றால் உடனே போக வேண்டும். அடியே படாவிட்டாலும்கூட ரத்தம், நீர் கசிவு, விட்டுவிட்டு வரும் வலி, கல் மாதிரி இறுகிப்போன வயிறு, குழந்தையின் அசைவு குறைந்தது, இதில் எது இருந்தாலும் ராத்திரி எந்நேரமானாலும் போக வேண்டும். இடப்பக்கம் சரிந்து படுத்து எண்ணிப் பாருங்கள், இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவுகூட இல்லையென்றால் காலைவரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கு நீங்கள் ஓடியது தப்பே இல்லை.

படுக்கை நனைவதற்குத் திட்டவும் வேண்டாம், "அக்கா ஆகப்போற, இன்னும் இப்படியா" என்று சொல்லவும் வேண்டாம். ரப்பர் ஷீட்டை விரித்துவிட்டுப் பேசாமல் இருங்கள். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் ஒரு யூரின் டெஸ்ட். கக்கூஸ் பழக்குவது, தனிக் கட்டிலுக்கு மாற்றுவது, புதுப் பள்ளி, இதில் எதையும் பிரசவத்தை ஒட்டி வைத்துக்கொள்ளாதீர்கள்.

திருநெல்வேலிக்கு அனுப்பலாமா

இதில்தான் உங்களிடமிருந்து விலகுகிறேன். சின்னப் பிள்ளை, விவரம் தெரியாது, மறந்துவிடுவாள் என்கிறீர்கள். வாயில் போகிறதுதான் வயிற்றில் இருக்கிறது என்று தானே யோசித்து முடிவுக்கு வந்தவளுக்கா விவரம் தெரியாது? அவள் கணக்கில் இது எப்படி விழும் என்று பாருங்கள். அவளை அனுப்பினார்கள், அப்புறம் பாப்பா வந்தது, திரும்பி வந்தபோது அவள் இடத்தில் பாப்பா படுத்திருக்கிறது. மாமா சொன்ன தவிட்டுக் கதை நடந்தே விட்டது. ஆடு கோழியோடு சந்தோஷமாகத்தான் இருப்பாள், ஆச்சியும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்று மாதம் என்பதுதான் நீளம், அதுவும் இந்த மூன்று மாதம்.

அனுப்புவதில் உள்ள நியாயத்தையும் மறுக்கவில்லை. சிசேரியன் ஆனால் மூன்று நான்கு நாள் ஆஸ்பத்திரி, அதன் பிறகு சில வாரம் உங்களால் அவளைத் தூக்க முடியாது, அத்தைக்கும் வயதாகிறது, கணவருக்கு லீவு இல்லை. நீங்களும் மகளும் சேர்ந்து ஊருக்குப் போய் அங்கேயே பிரசவம் பார்ப்பது இன்னொரு வழி, மோசமில்லை. ஆனால் 31 வாரத்தில் மருத்துவரை மாற்ற வேண்டும், ரயிலில் ஒரு நாளுக்கு மேல், விமானம் என்றால் 32 வாரத்துக்குப் பிறகு பெரும்பாலும் மருத்துவர் சான்றிதழ் கேட்பார்கள், 36 தாண்டினால் பொதுவாக ஏற்றுவதில்லை. போவதானால் அடுத்த சில நாளில் முடிவெடுக்க வேண்டும்.

என் யோசனை, அம்மா இங்கே வரட்டும். மகள் தன் வீட்டில், தன் ப்ளேஸ்கூலோடு, தன் ஜேசிபி ஜன்னலோடு இருக்கட்டும். அம்மா வந்ததும் ராத்திரி தூங்கவைப்பதை மெல்ல அவரிடமும் கணவரிடமும் மாற்றுங்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று ராத்திரி நீங்கள் இல்லாமல் தூங்கிப் பழகிவிட்டால் ஆஸ்பத்திரி நாள்கள் புதிதாகத் தெரியாது. ஆஸ்பத்திரியில் சின்னக் குழந்தைகளை உள்ளே விடுவார்களா என்று முன்பே கேட்டு வையுங்கள், பல இடங்களில் விடுவதில்லை, விடாவிட்டால் வீடியோ காலில் முகத்தைக் காட்டலாம். முதல்முறை அவள் பாப்பாவைப் பார்க்க வரும்போது பாப்பா தொட்டிலில் இருக்கட்டும், உங்கள் கை காலியாக இருக்கட்டும். பாப்பா உனக்குப் பொம்மை வாங்கிட்டு வந்தது என்று ஒரு பரிசு கொடுக்கும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை, நேற்றுப் பிறந்தது எந்தக் கடைக்குப் போயிற்று என்று உங்கள் மகள் கண்டிப்பாகக் கேட்பாள். பொம்மை ஜேசிபி ஒன்று அப்பா வாங்கித் தந்ததாகவே இருக்கட்டும்.

அதற்குப் பிறகும் சில வாரம் மழலை கூடும், பால் கேட்பாள், தன்னையும் தொட்டிலில் போடச் சொல்வாள். கேட்டால் ஒரு தடவை ருசி பார்க்கட்டும், பெரும்பாலும் முகத்தைச் சுளித்துவிட்டுப் போய்விடுவாள். நாள்கணக்கில் சாப்பிடாமல் இருந்தால், மலத்தை அடக்கினால், பேசின வார்த்தைகள் குறைந்தால், பாப்பாவைத் திரும்பத் திரும்ப அடித்தால் அப்போது குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

லீவு

12 வாரம் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னது தப்பு. 2017 திருத்தத்திலிருந்து முதல் இரண்டு பிரசவத்துக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருப்பவர்களுக்குத்தான் 12. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் முடிந்தவரை பின்னால் சேமித்து வைப்பதே நல்லது. எச்ஆருக்கு மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்வார்த்தையாக வேண்டாம், பதிலும் எழுத்தில் வரட்டும். தனியார் துறையில் அப்பாக்களுக்குச் சட்டப்படி விடுப்பு இல்லை (மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு). உங்கள் கணவர் தன் சொந்த லீவைப் பிரசவ வாரத்திலேயே மொத்தமாகத் தீர்க்காமல், பாதியை உங்கள் அம்மா ஊருக்குத் திரும்பும் வாரத்துக்கு வைக்கட்டும். அப்போதுதான் வீட்டில் ஆள் குறையும், அப்போதுதான் மகளுக்கும் ஒரு அப்பா முழுநேரம் தேவைப்படும்.

பெயர் விஷயத்தில் அவளோடு இப்போது வாதாட வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் போதும், அதை ஆஸ்பத்திரியே மாநகராட்சிக்குத் தெரிவிக்கும். பெயரைச் சேர்க்க ஒரு வருடம் வரை கட்டணம்கூட இல்லை. வீட்டில் ஜேசிபி என்றே கூப்பிட்டுக்கொள்ளட்டும்.

அம்மாவின் ரயில் டிக்கெட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இப்போது முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, கணபதியை ஒட்டி கொங்கண் வழி ரயில்களில் நிற்க இடம் கிடைக்காது. 37 வாரத்துக்குள் அவர் இங்கே இருக்க வேண்டுமென்றால் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்துக்குப் போட வேண்டும், அதற்கான பதிவு ஏற்கெனவே திறந்திருக்கும், இன்றைக்கே பாருங்கள். திரும்பும் டிக்கெட்டை இப்போதைக்குப் போட வேண்டாம்.